‘டைரக்ட்’ வேண்டாம் தம்பி, பார்ட் வரட்டும்!

அஜ்மானில் குளிர்காலம் வந்துவிட்டதை இந்த முறை எங்கள் வீட்டில் தட்டில் ஒட்டியிருந்த நெய்ப்பிசுக்கை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை இங்கே ‘பச்சைத் தண்ணீர்’ குழாயைத் திறந்தாலே கை சுடும். மொட்டைமாடித் தொட்டியை வெயில் காய்ச்சி அனுப்புகிற தண்ணீர் அது. அதுவே பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள்ளும் போவதால், உள்ளே இருக்கிற ஹீட்டர் வேலை செய்கிறதா இல்லையா என்று யாரும் கவனிப்பதில்லை. டிசம்பரில் தண்ணீர் ஜில்லென்று வர ஆரம்பித்த பிறகுதான், எங்கள் டிஷ்வாஷர் பல நாளாகத் தண்ணீரைச் சூடாக்காமலே சும்மா சுற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது.

நாங்கள் இருப்பது நுஐமியாவில். நானும் மனைவியும் காலை ஆறு மணிக்கே கிளம்பி துபாய் டிராஃபிக்கில் நிற்கிறவர்கள். விசாவை கேன்சல் செய்துவிட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு குடும்பத்திடம் 400 திர்ஹத்துக்கு அந்த மெஷினை வாங்கினோம். வளைகுடாவில் பாதி வீடுகளின் ஃபிரிட்ஜும் சோஃபாவும் இப்படிக் கை மாறி வந்தவைதான். அதற்கு முன்னால் யார் வைத்திருந்தார்கள், எத்தனை முறை திறந்து பார்த்தார்கள் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வாட்ச்மேன் ஒரு பையனை அனுப்பிவைத்தார். நம்ம ஊர்ப் பையன். கையில் மல்டிமீட்டர், முதுகில் ஒரு பை. அரை மணி நேரத்தில் மெஷினின் அடிப்பலகையைக் கழற்றி, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்த ஒரு பாகத்தைக் காட்டினான்.

“அண்ணே, ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு. இந்தக் கட்-ஆஃப்தான் போயிருக்கு. புதுசு வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். இப்ப டைரக்ட் கொடுத்துடுறேன். இன்னைக்கே ஓடும்.”

“ஒண்ணும் ஆகாதேப்பா?” என்று என் மனைவி கேட்டாள்.

“ஒண்ணும் ஆகாதுக்கா. எத்தனை மெஷினுக்குப் பண்ணியிருக்கேன்!”

நான் சரி என்றேன். அதை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்தப் பாகத்துக்குப் போன இரண்டு வயர்களையும் ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றி, 60 திர்ஹம் வாங்கிக்கொண்டு போனான். அன்று இரவு தட்டுகள் பளபளவென்று வந்தன. நானும் மகிழ்ந்து போய் அவனுடைய நம்பரை நண்பர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு இரவு, பதினொரு மணி இருக்கும். வழக்கம்போல மெஷினை ஓடவிட்டுவிட்டுப் படுத்துவிட்டோம். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் வந்து எழுப்பினாள். “அப்பா, கிச்சன்ல பிளாஸ்டிக் பொசுங்குற வாடை வருது.”

போய் ஸ்விட்சை அணைத்தேன். தீ எதுவும் இல்லை. கீழே குனிந்து பார்த்தபோது சூடான காற்றும் கருகல் வாடையும் முகத்தில் அடித்தன. மறுநாள் வேறொருவரைக் கூப்பிட்டோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வயதானவர், இந்த வேலையிலேயே முடி நரைத்தவர். திறந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தம்பி, கட்-ஆஃப் போச்சுன்னு தெரிஞ்சுது. அது ஏன் போச்சுன்னு யாராச்சும் பாத்தீங்களா?”

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்விக்காகத்தான்.

அந்தச் சின்னப் பாகம் என்ன செய்கிறது?

டிஷ்வாஷரில் உள்ள ஹீட்டர் பெரும்பாலும் 2,000 வாட்டை ஒட்டியிருக்கும். தண்ணீர் எவ்வளவு சூடாகிவிட்டது என்பதை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டிருக்கும். 50, 65, 70 டிகிரி என்று நாம் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்த அளவு வந்ததும், உள்ளே இருக்கிற எலெக்ட்ரானிக் போர்டு ஹீட்டரை நிறுத்திவிடும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அவ்வளவுதான் வேலை.

ஆனால் போர்டில் உள்ள ரிலே ஒட்டிக்கொண்டால்? சென்சார் தவறாகச் சொன்னால்? பம்ப் தண்ணீரைத் தள்ளாமல் ஹீட்டர் மட்டும் காய்ந்துகொண்டே இருந்தால்? அப்போது யாரையும் கேட்காமல், போர்டின் உத்தரவுக்கும் காத்திராமல், மின்சாரத்தைத் துண்டிப்பதற்கென்றே ஒரு பாகம் தனியாக வைத்திருக்கிறார்கள். அதுதான் இந்தக் கட்-ஆஃப்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த சிறிய தகடு. சூடு ஏறினால் இரண்டும் வெவ்வேறு அளவில் விரியும். குறித்த டிகிரி வந்ததும் தகடு ‘டக்’ என்று மறுபக்கம் வளைந்து தொடர்பை விட்டுவிடும். சில மாடல்களில் ஆறினால் தானே ஒட்டிக்கொள்ளும், சிலவற்றில் ஒரு சின்ன பொத்தானை நாம் அழுத்த வேண்டும். இரண்டாவது வகை தெர்மல் ஃபியூஸ். உள்ளே உருகும் பொருள் ஒன்று இருக்கும். குறித்த சூட்டில் அது உருகியதும் தொடர்பு அறுந்துவிடும். ஒரு முறை போனால் போனதுதான். அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஒரு பாகம் ‘போய்விட்டது’ என்றால் அது கெட்டுவிட்டது என்று நினைப்பது நம் பழக்கம். கட்-ஆஃப் விஷயத்தில் பல நேரம் அது தன் கடமையைச் செய்துவிட்டு நிற்கிறது. தானாகவே பழுதாகிற கட்-ஆஃப்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எது என்று பார்க்காமல் அதைத் தூக்கிவிட்டு வயரை இணைப்பது, ‘வீட்டுக்குள் திருடன்’ என்று கத்துகிற காவலாளியின் வாயைக் கட்டிவிட்டுத் தூங்கப் போவது மாதிரி.

எங்கள் மெஷினில் என்ன நடந்திருந்தது என்று அண்ணாச்சி பிறகு காட்டினார். அடியில் உள்ள வடிகட்டியில் சோறும் எலுமிச்சை விதையும் அடைத்துக் கிடந்தன. அதனால் பம்ப் தண்ணீரை முழு வேகத்தில் சுற்றவில்லை. தண்ணீரை மென்மையாக்கும் அறையில் அதற்கென்று விற்கிற உப்பை நாங்கள் ஒரு முறைகூடப் போட்டதில்லை. ஹீட்டரில் சுண்ணாம்பு படிந்திருந்தது. சுண்ணாம்பு படிந்தால் ஹீட்டரின் சூடு தண்ணீருக்குப் போகாமல் அங்கேயே தேங்கும். கட்-ஆஃப் அதைப் பார்த்துத்தான் மின்சாரத்தை நிறுத்தியிருந்தது. நாங்கள் கட்-ஆஃபை எடுத்தோம், காரணத்தை அப்படியே விட்டோம். காரணம் மூன்று வாரத்தில் ஹீட்டரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை இளக்கிவிட்டது.

‘பிரேக்கர் இருக்கே, அது பாத்துக்கும்’

இதைச் சொல்லாத ஆள் இல்லை. நானும் சொல்லியிருக்கிறேன். இதில் ஒரு பெரிய தவறு இருக்கிறது.

பிரேக்கருக்கும் பிளக்கில் உள்ள ஃபியூஸுக்கும் சூடு தெரியாது. அவற்றுக்குத் தெரிந்தது மின்னோட்டம் ஒன்றுதான். 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் எடுக்கும். தண்ணீருக்குள் இருந்தாலும் அதே 9 ஆம்பியர்தான், தண்ணீர் இல்லாமல் காய்ந்துகொண்டிருந்தாலும் கிட்டத்தட்ட அதேதான். இங்கே நாம் பயன்படுத்துகிற மூன்று முள் பிளக்கில் இருக்கும் ஃபியூஸ் 13 ஆம்பியர். அதன் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஷாக் அடிக்காமல் காக்கிற ஈ.எல்.சி.பி. மின்சாரம் வெளியே கசிந்தால்தான் விழும். பிளாஸ்டிக் உருகுவது அதன் கணக்கில் வராது.

ஆக, ஹீட்டர் அளவுக்கு மீறிச் சுடுகிறது என்பதை அறிந்து நிறுத்துவதற்கு அந்த மெஷினுக்குள் கடைசியாக இருக்கிற ஒரே ஆள் அந்தக் கட்-ஆஃப்தான். அதை ‘டைரக்ட்’ செய்துவிட்டால் அந்த வேலையைச் செய்ய வேறு யாரும் இல்லை. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு வேறு தன் பங்குக்குச் சுடும். 9 ஆம்பியர் ஓடுகிற இடத்தில் தளர்வான இணைப்பு என்பது தனியாக ஒரு குட்டி ஹீட்டர்.

அம்மாவின் குக்கர், அப்பாவின் ஃபியூஸ் கட்டை

இதெல்லாம் புது விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் அம்மாக்கள் பல வருடமாக இதே பாகத்தோடுதான் சமைத்திருக்கிறார்கள். பிரஷர் குக்கரின் மூடியில் இருக்கிற சேஃப்டி வால்வு அதே இனம். தண்ணீர் வற்றி, சூடு எல்லை மீறினால் அதிலுள்ள ஈயம் போன்ற உலோகம் உருகி ஆவியை வெளியே விட்டுவிடும். ‘புஸ்’ என்று ஒரு சத்தம், சமையலறை முழுக்கப் பருப்பு, அம்மாவின் முகத்தில் ஒரு திகைப்பு. எல்லோரும் பார்த்த காட்சிதான்.

அப்போது அம்மா என்ன செய்தாள்? முதலில், “தண்ணி ஊத்த மறந்துட்டேனா? வெயிட்டுல ஏதாவது அடைச்சிருக்கா?” என்று பார்த்தாள். பிறகு பாத்திரக் கடைக்கு ஆள் அனுப்பி அதே கம்பெனி வால்வு வாங்கி வரச் சொன்னாள். அது வரும்வரை அந்தக் குக்கரை அடுப்பில் ஏற்றவில்லை. வால்வு இருந்த ஓட்டையில் ஒரு போல்ட்டைப் போட்டு முறுக்கிவிட்டுச் சமைக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால், அவரை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டாள்.

அப்பா கதை வேறு. ஊரில் ஃபியூஸ் கட்டை இருந்த காலம். மோட்டார் போடும்போதெல்லாம் ஃபியூஸ் போகும். இரண்டு தடவை மெல்லிய கம்பி கட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாம் தடவை பழைய வயரிலிருந்து நாலு இழை செம்புக்கம்பியைப் பிரித்து முறுக்கிக் கட்டிவிட்டார். “இனிமே போகாது பாரு” என்றார். சொன்ன மாதிரியே ஃபியூஸ் போகவில்லை. அந்தக் கோடையில் மோட்டார் போனது. காயில் கட்டுவதற்கு ஆன செலவை அப்பா கடைசிவரை அம்மாவிடம் சரியாகச் சொல்லவில்லை.

‘டைரக்ட்’ என்பது அந்தச் செம்புக்கம்பியின் வளைகுடாப் பெயர். அப்பாவைக் கேலி செய்து வளர்ந்த நான், அஜ்மானில் ஒரு ஃபிளாட்டில் அதையே செய்தேன். என்ன வித்தியாசம் என்றால், அப்பாவின் மோட்டார் தோட்டத்தில் இருந்தது. என்னுடைய மெஷின் நாலு பக்கமும் வீடுகள் இருக்கிற ஒரு கட்டடத்தில், பிள்ளை படுக்கிற அறைக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது.

இது என் வீட்டோடு முடிகிற விஷயமா?

ஹீட்டர் உள்ள வீட்டுச் சாமான்கள் தீப்பிடிப்பது கற்பனை இல்லை. அமெரிக்காவில் 2010-இல் மேடாக் நிறுவனம் ஏறத்தாழ 17 லட்சம் டிஷ்வாஷர்களையும், 2012-இல் ஜி.இ. ஏறத்தாழ 13 லட்சம் டிஷ்வாஷர்களையும் திரும்பப் பெற்றன. இரண்டிலும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: ஹீட்டர் பகுதியில் ஏற்படும் மின்கோளாறு தீயில் முடியலாம். பிரிட்டனில் 1999-க்கும் 2005-க்கும் இடையில் தயாரான சில பாஷ், நெஃப், சீமென்ஸ் டிஷ்வாஷர்களில் கட்டுப்பாட்டுப் பலகையின் ஒரு பாகம் அதிகமாகச் சூடேறலாம் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கை விட்டார். பெரிய கம்பெனி, புது மெஷின், எல்லாப் பாதுகாப்பும் இருந்தும் இந்த நிலை. பாதுகாப்பை நாமே கழற்றி எறிந்த பழைய மெஷினைப் பற்றி என்ன சொல்வது?

லண்டனில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு கிரென்ஃபெல் டவர் என்ற பெயரை விளக்க வேண்டியதில்லை. 2017 ஜூன் 14 அன்று 72 உயிர்களைக் கொண்டுபோன அந்தத் தீ, நாலாவது மாடி வீடு ஒன்றின் சமையலறையில் இருந்த ஃபிரிட்ஜ்-ஃப்ரீசரில் தொடங்கியது என்று விசாரணை அறிக்கை சொன்னது. அதைக் கோபுரமாக எரியவிட்டது வெளிச்சுவரில் பதித்த பலகைகள். தொடங்கியது ஒரு வீட்டுச் சாமானில். அஜ்மான்காரர்களுக்கு 2016 மார்ச் மாத இரவு நினைவிருக்கும். அஜ்மான் ஒன் குடியிருப்புக் கோபுரங்களில் தீ சரசரவென்று மேலே ஏறியது. பெரிய உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பியது புண்ணியம்.

2023 ஏப்ரல் 15-இல் துபாய் தேரா பக்கம் அல் ராஸில் ஒரு குடியிருப்புக் கட்டடம் எரிந்து 16 பேர் இறந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அந்தக் கட்டடத்திலேயே வேலை பார்த்த தமிழ்நாட்டுக்காரர்கள். கட்டடத்தில் பாதுகாப்பு விதிகள் சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று முதல்கட்ட விசாரணை சொன்னது. 2024 ஜூன் 12-இல் குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து ஏறத்தாழ 50 பேர் போனார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள், அதில் ஏழு பேர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். கீழ்த்தளத்தில் காவலாளி அறையில் ஏற்பட்ட மின்கசிவில் தொடங்கியதாகச் சொல்லப்பட்டது. கொச்சி விமான நிலையத்தில் வரிசையாக வைத்திருந்த பெட்டிகளை டிவியில் பார்த்த யாரும் அதை மறந்திருக்க முடியாது.

இந்தத் தீ எதுவும் டிஷ்வாஷரால் வந்ததில்லை, யாரோ கட்-ஆஃபை டைரக்ட் செய்ததால் வந்ததுமில்லை. தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். ஆனால் இவை எல்லாம் சொல்கிற பாடம் ஒன்று உண்டு. தீ எப்போதும் சின்னதாகத்தான் பிறக்கும். அது சின்னதாக இருக்கும்போதே நிறுத்துவதற்காக வைத்த ஏற்பாடு அங்கே இருக்கிறதா, வேலை செய்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். எட்டுப் பேர், பத்துப் பேர் என்று கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டுப் படுக்கிற அறைகளில் இது இன்னும் பெரிய விஷயம்.

“எங்க ரூம்ல டிஷ்வாஷர் ஏது?” என்று பேச்சிலர் தம்பிகள் கேட்கலாம். சரி, ரைஸ் குக்கர் இருக்கிறதா? அதன் அடியிலும் ஒரு தெர்மல் ஃபியூஸ் இருக்கும். ‘சூடே ஆகல’ என்று வருகிற ரைஸ் குக்கர்களில் போயிருப்பது பெரும்பாலும் அதுதான், டைரக்ட் ஆகிறதும் அதுதான். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், ஏர் ஃப்ரையர் எல்லாவற்றிலும் அதன் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், பாத்ரூம் சீலிங்குக்கு மேலே தொங்குகிற வாட்டர் ஹீட்டர். மூடிய தொட்டி அது. தெர்மோஸ்டாட்டும் கட்-ஆஃபும் இல்லாமல் அதில் தண்ணீர் கொதித்துக்கொண்டே போனால், அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு ஒன்றுதான் மிச்சம். அதுவும் சுண்ணாம்பில் அடைத்துக் கிடந்தால் தலைக்கு மேலே இருப்பது குண்டு.

பையனைத் திட்டி என்ன பயன்?

முதல் நாள் எனக்கு அந்தப் பையன்மேல் கோபம் வந்தது உண்மை. வாட்ஸ்அப் குழுவில் போட்ட அவன் நம்பரை அழித்துவிட்டு நாலு வார்த்தை எழுதவும் உட்கார்ந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அவனிடம் நான் என்ன கேட்டேன்? “எவ்வளவு ஆகும், இன்னைக்கே முடியுமா?” இந்த இரண்டு கேள்விதான். ‘பாதுகாப்பா இருக்குமா’ என்று கேட்டது என் மனைவி மட்டும். அதற்கும் அவன் சொன்ன பதிலை நான் உடனே ஏற்றுக்கொண்டேன், ஏனென்றால் அது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு ஏறி இறங்குகிறவன் அவன். வண்டி வாடகை, அறை வாடகை, ஊருக்கு அனுப்புகிற பணம் எல்லாம் அந்த 60 திர்ஹத்திலிருந்துதான் வர வேண்டும். “பார்ட் வரட்டும் அண்ணே, பத்து நாள் கழிச்சு வர்றேன்” என்று சொல்கிற டெக்னீஷியனை நாம் மறுபடி கூப்பிடுவதில்லை. இன்றே ஓட வைக்கிறவனைத்தான் ‘கைராசிக்காரன்’ என்கிறோம். அவனுக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்ததில் நமக்கும் பங்கு உண்டு.

விற்கிறவர்களுக்கும் உண்டு. ஐந்தாறு வருடம் ஆன மாடலுக்கு உதிரி பாகம் கேட்டால், ‘புது மெஷின் ஆஃபர்ல இருக்கு சார்’ என்று பதில் வருகிறது. அமீரகத்தின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020-ஆம் ஆண்டின் 15-ஆம் எண் சட்டம், உதிரி பாகத்தையும் பழுதுபார்ப்பையும் விற்பவரின் பொறுப்பாகப் பேசுகிறது. இது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், கேட்கவும் வேண்டும். பாதுகாப்புக்கான ஒரு சின்னப் பாகத்தைக் கடையில் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தால், அதைத் தவிர்த்துவிட்டு டேப் சுற்றுகிற வேலை பாதி குறைந்துவிடும்.

அண்ணாச்சி எப்படி மாற்றினார்?

முதலில் பிளக்கைப் பிடுங்கினார், தண்ணீர்க் குழாயை அடைத்தார். வயரைத் தொடும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். பழைய கட்-ஆஃபை என்னிடம் தேடி எடுக்கச் சொன்னார். நல்லவேளை, தூக்கி எறியாமல் டிராயரில் போட்டிருந்தேன். அதன் உடம்பிலேயே எத்தனை டிகிரி, எத்தனை ஆம்பியர், எத்தனை வோல்ட் என்று பொடி எழுத்தில் இருந்தது. கூடவே மெஷின் கதவு ஓரத்தில் ஒட்டியிருந்த மாடல் எண். “இது ரெண்டும் பொருந்துறதுதான் வேணும். ‘கொஞ்சம் கூட டிகிரி இருந்தா அடிக்கடி போகாது’ன்னு கடையில சொல்லுவான். வாங்கக் கூடாது” என்றார். அப்பாவின் செம்புக்கம்பி ஞாபகம் வந்தது.

பாகம் வர ஒன்பது நாள் ஆனது. விலை 45 திர்ஹம். இளகிப்போன ஹீட்டர் பகுதியையும் மாற்ற வேண்டியிருந்ததால் மொத்தச் செலவு 400-ஐத் தாண்டியது, அதாவது மெஷினை வாங்கிய விலைக்கு மேலே போய்விட்டது. முதல் நாளே கட்-ஆஃபை மாற்றி வடிகட்டியைச் சுத்தம் செய்திருந்தால் 150-க்குள் முடிந்திருக்கும். கருகிய வயர் முனைகளை வெட்டி, சூடு தாங்கும் வயரில் புது முனைகளை அழுத்திப் பொருத்தினார். டேப்பைத் தொடவே இல்லை. ஹீட்டரிலிருந்து உடம்புக்கு மின்சாரம் கசிகிறதா என்று சோதித்தார். பிறகு வெறும் மெஷினை ஒரு சுற்று முழுக்க ஓடவிட்டு, பக்கத்திலேயே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

யூடியூப் பார்த்துத் தாங்களே பிரித்துப் பார்க்கும் இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. சாதாரண அறைச் சூட்டில் நல்ல கட்-ஆஃப் ஒன்றில் மல்டிமீட்டரை வைத்தால் தொடர்பு இருக்க வேண்டும், ஏறத்தாழ பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் அது திறந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. ஏன் திறந்தது என்று தெரியாமல் புதுசை மாட்டினாலும் அது நாலு நாளில் மறுபடி போகும். நிச்சயம் இல்லையென்றால் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

பெரிய காரியம் எதையும் கேட்கவில்லை. பழைய சாமான் வாங்கினால், ஓட்டுவதற்கு முன் ஒரு நல்ல டெக்னீஷியனிடம் 50 திர்ஹம் கொடுத்து உள்ளே எதையாவது டைரக்ட் செய்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஊருக்குக் கிளம்பும்போது அப்படி ஒரு மெஷினை அடுத்த குடும்பத்தின் தலையில் கட்டாதீர்கள். டிஷ்வாஷரையும் வாஷிங் மெஷினையும் ஓடவிட்டுத் தூங்காதீர்கள். வடிகட்டியை வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். 997 என்ற தீயணைப்பு எண்ணைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்துவையுங்கள்.

அழித்த அந்த நம்பருக்கு நானே போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சாரிண்ணே… கஸ்டமர்லாம் வெயிட் பண்ண மாட்டேங்குறாங்கண்ணே” என்றான். பொய் இல்லை. போன மாதம் பக்கத்து வீட்டு ரைஸ் குக்கருக்கு அவனைத்தான் அனுப்பினேன். அனுப்பும்போதே அந்த வீட்டு அக்காவிடம் ஒன்று சொல்லிவைத்தேன். அவசரப்பட்டு அவன் எதையாவது சொன்னால் இப்படிச் சொல்லுங்கள் என்றேன்:

“டைரக்ட் வேண்டாம் தம்பி, பார்ட் வரட்டும். அதுவரைக்கும் நாங்க பானையில பொங்கிக்கிறோம்.”